மச்சினன் பிடிக்கும் கயிறு

வள்ளத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் சுக்கானோடு தண்டல். வள்ளம் அவருடையது. நடுவில் என் மச்சான், அதாவது என் அக்காவின் புருசன். சங்கு குளிப்பவர். அவருக்கு எதிரே இன்னொரு குளியாளி. அந்தக் குளியாளிக்குக் கயிறு பிடிக்க அவருடைய மச்சினன். முன்பக்கம் தண்ணீர் இறைக்க ஒரு பெரியவர். அப்புறம் நான். மொத்தம் ஆறு பேர். முன்தலையில் மாதா படம் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்தால் ஏழு என்று தண்டல் சொல்வார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனேன். எழுபத்தொன்றுச் சண்டையில் கிழக்கே இருந்தேன். எழுபத்துமூன்றில் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தேன். கை, கால், கண் எல்லாம் போனபடியே திரும்பி வந்தன. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் சத்தம் கேட்டால் விழுந்துவிடுவேன். மயக்கம் இல்லை. குப்புறப் படுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். உடம்பே அதைச் செய்துவிடும், என்னைக் கேட்பதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் வெளியே சரவெடி கொளுத்தினார்கள். நான் இலையோடு படுத்துவிட்டேன். எழுந்தபோது சட்டையெல்லாம் சாம்பார். டீக்கடை அண்ணாச்சி கதவுத் தகரத்தை இழுத்து மூடினால் பெஞ்சுக்கு அடியில் இருப்பேன். அவர் நல்ல மனுசர். மூடுவதற்கு முன்னால் "ஏலே பட்டாளம், மூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு மூடுவார். ஊரில் எனக்கு அதுவே பேராகிவிட்டது.

கூரைக்கு அடியில் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சிவப்பாக அழகாக இருந்தது. வேறு பலன் இல்லை.

அப்போதுதான் மச்சான் வந்து கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்.

சங்கு குளிப்பதில் ஒரு முறை உண்டு. குளியாளி காலில் கல்லைக் கோத்துக்கொண்டு கீழே இறங்குவார். எட்டுப் பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். ஆளின் இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். மூச்சு முடிகிறபோது அவர் அதைச் சுண்டுவார். உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை யாரும் பிடித்துவிட முடியாது. குளியாளியின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணனோ தம்பியோ. தன் அக்காள் தாலி அறுக்க எவனும் கையை விடமாட்டான் என்று ஒரு கணக்கு.

நான் பட்டாளத்தில் இருந்த வருசமெல்லாம் மச்சானின் கயிற்றை வேறு ஆள்தான் பிடித்தார். இப்போது தண்ணீர் இறைக்கிறாரே, அந்தப் பெரியவர்.

"எனக்குக் கை சரியில்ல மச்சான்," என்றேன்.

"கை நல்லாத்தான இருக்கு."

"சத்தம் கேட்டா விழுந்துருவேன்."

"நடுக்கடல்ல எவன் வந்து சத்தம் போடப் போறான்? மீனா?"

போனேன்.

கடல் எனக்கு ஒத்துக்கொண்டது. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவோம். கூரை இல்லை, சுவர் இல்லை, கதவு இல்லை. எந்தப் பக்கமும் வெட்டவெளி. யார் வந்தாலும் ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். பட்டாளத்தில் இருந்தவனுக்கு அது பெரிய நிம்மதி. மத்தியானம் காற்று திரும்பியதும் கரைக்கு வருவோம். வரும் வழியில் பாய் நிழலில் சங்கு மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குவேன். இரண்டு வருசத்துத் தூக்கம். குறட்டையைக் கேட்டுக் கடல்காக்கா பறந்துபோகிறது என்று தண்டல் சொல்வார்.

ஒன்றுதான் கஷ்டம். ஆள் கீழே இருக்கும்போது கயிறு பிடிக்கிறவன் சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. எங்கள் வள்ளத்தில் அது சட்டம். எண்ணிக்கை காதில் விழுந்தால்தான் தண்டலுக்கு வெற்றிலை இறங்கும்.

எனக்கு ஒன்பதைத் தாண்டுவது பாடு. காரணம் இருக்கிறது. சண்டையில் எதிரிப் பீரங்கி வெடிக்கிற சத்தம் கேட்டதும் எண்ணுவோம். நானும் பக்கத்துக் குழியில் இருந்தவரும் சேர்ந்து எண்ணுவோம். பதினொன்றில் குண்டு விழும். நாலு நாளாகப் பதினொன்றுதான். ஐந்தாம் நாள் காலையில் பீரங்கியைக் கிட்டே கொண்டுவந்துவிட்டார்கள் போல. பத்து என்று நான் மட்டும்தான் சொன்னேன்.

வள்ளத்தில் முதல் நாள் ஒன்பதில் நின்றுவிட்டேன். முன்பக்கம் இருந்த பெரியவர் தண்ணீர் இறைத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "பத்து" என்றார். நான் "பதினொண்ணு" என்றேன். அப்படியே போனது. ஒரு வாரத்தில் பத்தையும் நானே சொன்னேன்.

எழுபத்துநான்கு தை மாதம். நாங்கள் புதிதாக ஒரு பாருக்குப் போனோம். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற மேடு. அங்கேதான் சங்கு கிடக்கும். அது கரைக்குக் கிட்டே. இரண்டு மைல்தான். நேர் எதிரே ஒரு ஊர், வெள்ளை மாதா கோயில் தெரிந்தது. அங்கே திருநாள் தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மச்சான் கீழே இருந்தார். இருபது எண்ணியிருப்பேன். கோயில் முற்றத்தில் அதிர்வேட்டுப் போட்டார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து வைக்கிற வேட்டு. தண்ணீர்மேல் அந்தச் சத்தம் அப்படியே உருண்டு வரும்.

விழுந்தேன். கயிறு கையில் சுற்றியபடியே இருக்க, வள்ளத்துக்குள் அடிப்பலகையில் குப்புற விழுந்தேன். கயிறு வெட்டி இழுத்தது.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். கீழிருந்து சுண்டினால் மூச்சு முடிந்தது என்று அர்த்தம். மேலிருந்து இழுத்தால் சுறா வருகிறது என்று அர்த்தம்.

மச்சான் அம்பு மாதிரி வந்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஒரே தாவலாக உள்ளே விழுந்தார். என் முதுகுமேல்தான் விழுந்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எங்கலே?" என்றார்.

"என்னது மச்சான்?"

"சுறா எங்கலே?"

"சுறா இல்ல மச்சான். வேட்டு."

மூக்கைச் சிந்திப்போட்டார். "வேட்டுப் போட்டா நான் மேல வரணுமாலே? நான் என்ன பூசைக்கா போறேன்?"

எதிரே இருந்த குளியாளி சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. "ரெண்டு சங்கு கைல இருந்திச்சு, போட்டுட்டு வந்திட்டேன்" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தண்டலுக்கும் வரவில்லை.

கரைக்கு வந்ததும் தண்டல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ விட்டுட்டேன்னா கூட வேற பேச்சு. அவன் தானா மேல வந்திருவான், நீந்தத் தெரிஞ்சவன். நீ இழுக்கியே. இன்னைக்கு இழுத்த, வந்தான். நாளைக்கு இழுப்ப, வருவான். நாலாம் நாளு நெசமாவே சுறா வரும். நீ இழுப்ப. இவன் வேட்டுன்னு நெனச்சுக்கிட்டுக் கீழயே சங்கு பொறுக்கிக்கிட்டு இருப்பான். புரியுதா?"

புரிந்தது.

"நாளைக்கு ஒருநாள் பாப்பேன். இழுத்தியோ, கயிறு பழைய ஆளுக்குப் போயிரும். முறையாவது ஒண்ணாவது."

நாளைக்குத் திருநாளின் பெரிய நாள். வேட்டுக்குக் குறைவிருக்காது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"நான் நாளைக்குப் போகல," என்றேன். "பெரியவரே பிடிக்கட்டும்."

"ஏலே, அந்த மனுசன் பிடிச்ச காலத்துல நான் ஒரு நாளு நிம்மதியா சோறு பொங்கியிருக்கேனா? நல்ல ஆளுதான், இல்லங்கல. ஆனா அவரு என் கூடப் பிறந்தவரா?"

"நான் விழுந்துருதேன்க்கா."

"விழு. கைய மட்டும் இழுக்காத." மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைத் தேய்த்தாள். "ஒம்பாட்டுக்கு விழுந்து கிட. யாரு வேண்டாங்கா?"

மச்சான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மாப்ள, நின்னாத்தான விழுவ? நாளைக்கு அடில உக்காந்துக்கோ. உக்காந்தவன் எங்க விழுவான்?"

அதுதான் யோசனை. இதைச் சொல்ல டாக்டர் யாரும் இல்லை எனக்கு.

மறுநாள் வள்ளத்தின் அடிப்பலகையில் உட்கார்ந்தேன். முதுகைக் குறுக்குச் சட்டத்தில் சாய்த்தேன். இரண்டு காலையும் எதிர்ச் சட்டத்தில் மிதித்துக்கொண்டேன். கயிற்றைக் கையில் சுற்றவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் வைத்திருந்தேன். விளிம்புக்கு மேலே என் தலை மட்டும்தான் தெரியும். "மாதாவுக்குப் பக்கத்துல இன்னொரு படம் வச்ச மாதிரி இருக்கு" என்றார் எதிரே இருந்த குளியாளி.

முதல் தடவை மச்சான் இறங்கினார். பத்து எண்ணும்போது பெரியவர் கரையைப் பார்த்துக்கொண்டே "வருது பட்டாளம்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது எண்ணும்போது வேட்டுச் சத்தம் வந்து சேர்ந்தது. உடம்பு துள்ளியது. முழங்கால் போய் நெற்றியில் இடித்தது. விழ இடமில்லை. கை அப்படியே இருந்தது. இருபது என்றேன்.

பெரியவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "பொகை முதல்ல தெரியும். சத்தம் நடந்துல்லா வருது," என்றார். நான் தோற்றால் கயிறு அவருக்குப் போகும். கயிறு பிடிக்கிறவருக்குச் சங்கில் பங்கு கூட. அன்று முழுக்க அவர் தண்ணீரை ஒரு கையால் இறைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடியே இருந்தார். "வருது." ஒன்பது எண்ணுவேன். சத்தம் வரும். துள்ளுவேன். எண்ணிக்கை தொடரும். மச்சான் சங்கோடு வருவார். "வேட்டு கீழ கேக்குமா மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன். "கேக்கும். பெருசா இருமுன மாதிரி," என்றார்.

பத்து மணிக்குமேல் வேட்டு நின்றது. திருப்பலி முடிந்து, சனமெல்லாம் சாப்பிடப் போயிருக்கும் என்று தண்டல் சொன்னார். வெயில் ஏறியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. வள்ளத்தைச் சுற்றிக் குட்டி மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நானும் அடியிலிருந்து எழுந்து பலகைமேல் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

"கடைசித் தடவை. காத்து திரும்பப் போகுது," என்றார் தண்டல்.

மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினார். கல்லை இழுத்து வள்ளத்தில் போட்டேன். எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. மச்சான் அன்று நல்ல மூச்சில் இருந்தார்.

நாற்பத்தொன்றில் வேட்டு வெடித்தது. ஒன்றல்ல, மூன்று. ஒன்றன்பின் ஒன்று. தேர் நிலைக்கு வந்ததற்குப் போட்டிருக்கிறார்கள். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் "வருது" என்று சொல்லவில்லை.

நான் விழுந்தேன். பலகையிலிருந்து அடிக்குப் போய்விட்டேன். தோள்பட்டை சட்டத்தில் இடித்தது. கன்னம் வள்ளத்தின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு கையும் தலைக்கு மேலே, விளிம்புமேல் இருந்தன. கயிறு தொய்ந்து கிடந்தது. நான் விழுகிற போக்கில் கை அதை நழுவவிட்டு, மறுபடி லேசாகப் பிடித்திருக்கிறது. இழுக்கவில்லை. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தண்டல் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டது தெரிந்தது. எத்தனையில் நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

துண்டுக்கு உள்ளிருந்து பெரியவர் குரல் வந்தது. தூக்கக் குரல். "நாப்பத்தாறு."

"நாப்பத்தேழு," என்றேன். கன்னத்தை எடுக்காமலே எண்ணினேன். ஐம்பது. ஐம்பத்தைந்து. எதிரே இருந்த குளியாளி விளிம்பைப் பிடித்துக் குனிந்து கீழே பார்த்தார். அறுபது. கயிறு சும்மா கிடந்தது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று.

உள்ளங்கையில் கயிறு சுண்டியது. இழுத்தேன்.

அறுபத்துநான்கு.