மகள் சொன்ன பனியும் நாங்கள் கேட்ட பனியும்

பிரியமான சகோதர சகோதரிகளே, இந்த வருஷத் தொடக்கத்தில் மூன்று வாரம் என் மகளிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த நாட்களில் கர்த்தர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. சொந்த ஊர் பாறசாலை, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லை ஊர். மனைவி லில்லி. ஒரே மகள் ஷீபா. போன அக்டோபரில், பத்தொன்பது வயதில், எல்லைக் காவல் படையில் சேர்ந்து பயிற்சிக்குப் போனாள். இமயமலைப் பக்கம் ஒரு மலை ஊரில் முகாம். எந்தப் படையானாலும் எங்கள் ஊரில் பட்டாளம்தான். "பெண் பிள்ளைக்கு எதுக்குப் பட்டாளம்?" என்று கேட்டவர்கள் பலர். முதலில் கேட்டவன் நான். லில்லிதான் பிடிவாதமாக அவளை ரயில் ஏற்றினாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன்.

முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்து வந்ததும் நானும் லில்லியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். ஜனவரி இரண்டாம் ஞாயிறு அழைப்பு வந்தது. ஒரே இரைச்சல். "அப்பா, இங்க பயங்கர பனிப்பா. மூணு நாளா விடவே இல்ல. எங்க ரூம்லயே ரெண்டு பேர் விழுந்து ஆஸ்பத்திரில இருக்காங்க. எனக்கும்..." அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

எங்களுக்குப் பனி என்றால் காய்ச்சல். மலையாளத்தில் அப்படித்தான். கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வானத்திலிருந்து விழுவதை நாங்கள் மஞ்சு என்போம். ஆகவே எங்கள் காதில் விழுந்தது இதுதான்: மூன்று நாளாக விடாத காய்ச்சல், இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், அடுத்தது எங்கள் பிள்ளை.

முகாம் நம்பரைக் கூப்பிட்டோம். மணியே அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. லாட்ஜில் சாவி கேட்டவருக்கு வேறு அறைச் சாவியைக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் லில்லியின் மேல் எரிந்து விழுவேன். "உன்னாலதான். நான் அப்பவே சொன்னேன் இல்லியா?" அவள் உள்ளே போய் முழங்கால் போடுவாள். அது எனக்கு இன்னும் எரியும்.

எங்கள் போதகர் ஐயா கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார். பதினைந்து பேர் வந்தார்கள். "பனியே, அந்தப் பிள்ளையை விட்டு விலகிப் போ!" என்று ஐயா கடிந்துகொண்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். என் வாய் சுகம் கேட்டது. என் மனசு வேறு கேட்டது. ஆண்டவரே, இந்தக் காய்ச்சலைச் சாக்காக வைத்தாவது அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். அவள் தோற்று வந்தாலும் சரி. என் பேச்சு ஜெயிக்க வேண்டும். பிள்ளை படுத்துக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இப்படி ஜெபித்தவன் நான்.

அப்போது லில்லி ஜெபித்தாள். "கர்த்தாவே, அவ அங்கயே நிக்கணும். நின்னு முடிச்சிட்டு வரணும். அதுக்கு வேண்டிய பெலன் நீர்தான் குடுக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். கொடியில் ஷீபாவின் பழைய ஓட்டப் பயிற்சிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அழுக்கில்லாத சட்டையை லில்லி ஏன் துவைத்தாள் என்று யோசித்தேன். இவளும் என்னைப் போலத்தான் தவிக்கிறாள்; ஆனாலும் பிள்ளைக்காகக் கேட்கிறாள், நான் எனக்காகக் கேட்கிறேன். அங்கேயே நின்று அழுதேன். "ஆண்டவரே, இவள் கேட்டதையே எனக்கும் எழுதிக்கொள்ளும்" என்றேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. போன் வரவில்லை, செய்தி வரவில்லை, ஆனாலும் அன்று பகல் உபவாசம் முடித்து நான் இரண்டு தட்டு கஞ்சி குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. லில்லி பாய்ந்து எடுத்தாள். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையை மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

"மக்களே! பனி மாறிச்சா?"

"எப்படிம்மா மாறும்? மார்ச் வரைக்கும் இருக்குமாம்."

"மார்ச் வரையா! டாக்டர் யாராவது பார்த்தாரா?"

"பனிய எதுக்கும்மா டாக்டர் பாக்கணும்?"

அப்போதுதான் ஷீபாவுக்கு விஷயம் புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் போன் லில்லியின் கையை விட்டு நழுவப் பார்த்தது. "அய்யோ அம்மே, காய்ச்சல் இல்ல. மஞ்சு, மஞ்சு! என் கட்டிலுக்குப் பக்கத்துல மதுரைக்காரி. அவகூடப் பேசிப் பேசி எனக்கும் அப்படியே வருது." பாதையில் வழுக்கி விழுந்துதான் அந்த இரண்டு பெண்களுக்கும் கால் முறிந்ததாம். "எனக்கும் கால் வழுக்கிச்சு, ஆனா விழல" என்று அன்று சொல்ல வந்திருக்கிறாள். அதற்குள் டவர் போய், இத்தனை நாளும் லைனே இல்லையாம். வீட்டில் தமிழ் பேசு, தமிழ் பேசு என்று பதினெட்டு வருஷம் அவளை அதட்டியவன் நான். அவள் நல்ல தமிழ் பேசிய அன்று எனக்குப் புரியவில்லை!

அப்படியானால் எங்கள் ஜெபமெல்லாம் வீணா என்று கேட்பீர்கள். நானும் அந்த நொடியில் அப்படித்தான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் குரல் மாறியது.

"அப்பா, ஒரு காரியம் சொல்லணும். ஏசாதீங்க. நான் வீட்டுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க பேச்சக் கேட்டிருக்கலாம்னு தோணிச்சு. கையெழுத்துப் போட ஆபீசர் வரணும். அந்த வெள்ளிக்கிழம வர வேண்டியவர், பனியில ரோடு அடைச்சு வர முடியல."

எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். நாங்கள் உபவாசம் இருந்த அதே வெள்ளிக்கிழமை.

"அன்னைக்குச் சாயங்காலம், என்னன்னு தெரியலப்பா, பயம் விட்டுப் போச்சு. திங்கக்கிழம நானே போய்ப் பேப்பரத் திருப்பி வாங்கிட்டேன்."

விலகிப் போ என்று நாங்கள் பதினைந்து பேர் கடிந்துகொண்ட அந்தப் பனியைக் கர்த்தர் ஓர் அங்குலம்கூட விலக்கவில்லை. அதை வைத்தே வழியை அடைத்து, என் மகளை நிற்க வைத்தார். நான் மனசுக்குள் கேட்டது அன்றே நடந்திருந்தால், பாதியில் திரும்பிய பிள்ளையாக அவள் வாழ்நாள் முழுக்க என் முன்னால் தலை குனிந்து நடந்திருப்பாள். என் பேச்சு ஜெயித்திருக்கும். என் பிள்ளை தோற்றிருப்பாள்.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு நானும் லில்லியும் மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போனோம். சீருடையில் வந்து நின்றவள் முதலில் எனக்குத்தான் சல்யூட் அடித்தாள். நான் அவள் அம்மாவைக் காட்டி, "அங்கே அடி மக்களே, ஜெயிச்சது அவதான்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார் இருப்பீர்கள். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லையா? பரவாயில்லை, பிள்ளையின் பேரைச் சொல்லிக் கர்த்தர் கையில் கொடுங்கள். தப்பாக ஜெபித்துவிடுவோமோ என்றும் பயப்படாதீர்கள். எங்கள் காதில் கேட்டது முழுக்கத் தப்பு. அவர் காதில் கேட்டது சரியாக இருந்தது.