தொய்வு சார்

திரையில் நாயகன் இன்னும் பல்கூட விளக்கவில்லை. அதற்குள் தொய்வு சார் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இரண்டாம் பாதியில் தொய்வு" என்று தட்டி முடித்துவிட்டார்.

எந்தப் படமானாலும் அவர் விமர்சனத்தில் இந்த வரி இருக்கும். அப்படி வந்த பெயர்தான் அது. வெள்ளிக்கிழமைதோறும் முதல் காட்சி பார்ப்பார்; வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்தபடியே பேசிப் பதிவுசெய்து வலையில் ஏற்றுவார். படம் எடுத்தவன் ஏதோ இவர் வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு போனவன் மாதிரி பேச்சு இருக்கும். "நல்லா இருக்குன்னு எவன் வேணாலும் சொல்லுவான். நொட்டை சொல்லத்தான் மூளை வேணும்" என்பது அவர் கட்சி.

இந்த வெள்ளிக்கிழமை அவருக்குத் திருமண நாளும்கூட. சேர்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். வேலையும் ஆயிற்று, பரிசும் ஆயிற்று என்று அழைத்து வந்திருந்தார்.

காதல் நகைச்சுவைப் படம். நாயகன் பல் மருத்துவன். ஊசி போட்டு மரத்துப்போன வாயால் நாயகி குழறிக் குழறிக் காதலைச் சொல்கிறாள். வலிக்கிறதாக்கும் என்று அவன் இன்னொரு ஊசி போடுகிறான். அரங்கமே குலுங்கியது. தொய்வு சாரும் தன்னை மறந்து வெடித்துச் சிரித்தார். சுதாரித்து, பாதியில் அதை இருமலாக்கினார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

படம் முடிந்ததும் காரில் கேமரா முன் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"மக்களே, மருந்துக்குக்கூட சிரிப்பு வரல..."

"அதான் சிரிச்சீங்களே!" என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி.

"கெடுத்தியா! அது இருமல்."

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கா?"

"உனக்கு ரசனை பத்தாதும்மா. சும்மா இரு."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "என் சமையலுக்கும் இதே கதைதான். தட்டை வழிச்சு சாப்பிட்டுட்டு, உப்பு தூக்கல்னு எழுந்து போவீங்க. புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள்.

"அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம். இத முதல்ல ஏத்தணும்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"திரும்ப ஒரு தடவ பாக்கப் போறேன். பக்கத்துல யாரும் இருமாம."

அவருக்குச் சுருக்கென்றது. கூப்பிடலாமா என்று கதவுப் பிடியில் கை வைத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியேறி, கூட்டத்தோடு உள்ளே போவது காரின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். முன்முடியைக் கோதிச் சரிசெய்துகொண்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.