கரண்டி தொடாத பத்து நாள்

"யாருக்கு முடியல?"

பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய முத்துராணியிடம் எதிர்வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அப்போ கல்யாணமா?"

"இல்ல."

"கோயில் கொடையா?"

"அதுவும் இல்ல. கல்லிடைக்குறிச்சில என் கூட்டாளி வீட்டுக்குப் போறேன். பத்து நாள் இருந்து படம் வரையப் போறேன்."

எதிர்வீட்டுக்காரி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏளா, மாடக்கண்ணு அண்ணனுக்கும் உனக்கும் ஏதும் சண்டையா?" என்றாள். முத்துராணியின் புருஷன் மாடக்கண்ணு அங்கேதான் தன் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சண்டை ஒண்ணும் இல்லம்மா. நான்தான் பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடப் போறேன்" என்றான்.

நோய், சாவு, கல்யாணம், பிள்ளைப்பேறு. இந்த நாலில் ஒன்று இல்லாமல் ஒரு பொம்பளை பையைத் தூக்கினால் பார்க்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. முத்துராணிக்கு நாற்பத்தாறு வயது. இந்த நாலுக்கும் அவள் எத்தனையோ தடவை பையைத் தூக்கியிருக்கிறாள். போன இடத்திலெல்லாம் அவளை நேராக அடுப்படிக்குத்தான் கூட்டிப்போவார்கள்.

காரணம் அவள் வேலை. பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சத்துணவு சமைக்கிறாள். தினம் இருநூறு பிள்ளைகள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் கோடை விடுமுறை வந்தால் சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் போடுவார்கள். "முத்துராணி இருக்கும்போது சமையலுக்கு ஆள் எதுக்கு?" என்பார்கள். வளைகாப்பு, மொட்டை, காதுகுத்து எல்லாவற்றிலும் அவள் அண்டாவுக்குப் பின்னால்தான் நிற்பாள். ஒரு வீட்டிலும் "முத்துராணி சாப்பிட்டாளா?" என்று கேட்டதில்லை. "சோறு வெந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

படம் வரைகிற பழக்கம் வந்தது ஒரு கத்திரிக்காயால். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சமையல் கூடத்துச் சுவரில் காய்கறிப் படம் போட ஒரு பெயிண்டர் வந்தார். கத்திரிக்காய்க்கு அடர் நீலம் அடித்தார். முத்துராணி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பேனா மை. கத்திரிக்கா இல்ல" என்றாள். அவருக்குக் கோபம் வந்து தூரிகையை நீட்டினார். "தெரிஞ்சா நீயே போடுளா." அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். ஊதாவில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, ஒரு பக்கம் வெளிச்சம் விழுகிற மாதிரி வெள்ளையை இழுத்துவிட்டாள். பெயிண்டர் கிட்டே வந்து அந்தக் கத்திரிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே முத்துராணி ஜங்ஷனில் பன்னிரண்டு கலர் டப்பியும் ஒரு வரைநோட்டும் வாங்கினாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் கூட்டாளி டெபோரா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முத்துராணி சொல்லிவிட்டாள்.

"ஏ டெபோரா, இப்பவே சொல்லிட்டேன். பத்து நாளைக்கு நான் கரண்டியைத் தொடமாட்டேன்."

"என் சமையலைத் தின்னுட்டுப் பொறவு சொல்லு" என்றாள் டெபோரா.

டெபோரா கிராம சுகாதார செவிலியர். புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். மூன்றாவது கூட்டாளி இசக்கி, இரண்டு தெரு தள்ளி ஓர் அப்பள வீட்டில் வேலை பார்க்கிறாள். மூன்று பேரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. டெபோராவின் சமையல் அவள் சொன்னது போலத்தான் இருந்தது. குழம்பில் உப்பு இல்லை, பொரியலில் இரண்டு பங்கு இருந்தது. முத்துராணி இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு தடவை பழக்கதோஷத்தில் கை தானாக அடுப்புப் பக்கம் போனது. டெபோரா அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

காலையில் ஆற்றில் குளியல். பிறகு வெயில் ஏறும் வரை படம். பிசான நெல் அறுவடை முடிந்து வயல் எல்லாம் தரிசாகக் கிடந்தது. ஒரு வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். நூறு ஆடுகளும் வெயிலுக்குத் தலையை ஒன்றுக்கொன்று அடியில் செருகிக்கொண்டு நின்றன. முத்துராணி வரப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து வரைந்தாள். அப்பள வீட்டுக்குப் போகிற வழியில் இசக்கி எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை பூசணிக்கா போட்டிருக்க?"

"ஆடுட்டி அது!"

"ஆட்டுக்குத் தலை வேண்டாமா?"

"அதுகளே தலையைக் காட்டல. நான் எங்கன போய்ப் போட?"

கிடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆடு சரியாகத்தான் இருக்கிறது, தன் நாயை ஏன் விட்டுவிட்டாய் என்று கோபித்தார். அன்று மத்தியானம் வரை நாயை வரையவே நேரம் சரியாகப் போனது. சாயங்காலம் மூன்று பேரும் படித்துறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, செத்துப்போன கணக்கு வாத்தியார் முதல் டெபோராவின் மாமியார் வரை ஒருவரையும் விடாமல் பேசினார்கள்.

மூன்றாம் நாள் தம்பி செந்தில்முருகன் போன் செய்தான். களக்காட்டில் புது வீடு கட்டியிருக்கிறான். ஏழாம் நாள் பால்காய்ப்பு. அது அவளுக்கு முன்பே தெரியும்.

"அக்கா, மொளகாப்பொடி எத்தனை கிலோ வாங்க?"

"எதுக்குலே?"

"நூத்தம்பது பேருக்கு."

"யாரு பொங்குதா?"

 "என்னக்கா இப்படிக் கேக்க? நீதான்" என்றான்.

அவன் அக்காளைக் கேட்கவே இல்லை. அண்டா, அரிசி, விறகு எல்லாம் சொல்லி வைத்துவிட்டான். சமையலுக்கு மட்டும் ஆள் சொல்லவில்லை. முத்துராணிக்குக் காது சூடானது. ஆனால் குரல் பையத்தான் வந்தது.

"தம்பி, புது வீட்டுல பால் காய்ச்சுறது கூடப்பிறந்தவ. அது என் உரிமை. அதுக்கு வாரேன், பட்டு கட்டிக்கிட்டு வாரேன். சோறு பொங்க வரமாட்டேன். இன்னும் நாலு நாள் கிடக்கு. சமையலுக்குத் தவசுப்பிள்ளை யாரையாவது பாரு."

"படம் வரையப் போயிருக்கியாமே? ஊரே சிரிக்கி. ஒரு நேரச் சோறு பொங்குனா உன் கை தேஞ்சா போயிரும்?"

"பத்தொன்பது வருஷமா தேஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் படித்துறையில் இசக்கியே அவளுக்கு எதிராகத் திரும்பினாள். "ஒரு நாள்தான, போய்ப் பொங்கிட்டு வந்திரேன். நான்லாம் தீபாவளிக்கு மறுநாளும் அப்பளம் தேய்க்கேன். உனக்கு மட்டும் என்ன பத்து நாள்?"

அது முத்துராணிக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பி பேசியதைவிட இது வலித்தது.

"உனக்கும் வேணும்தான். நீயும் கேளு. உனக்கு இல்லைங்கதுக்காக என்னதையும் விடச் சொல்லாத" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இந்த ஒரு நாளை விட்டேன்னு வையி, பொறவு ஒவ்வொருத்தரும் ஒரு நாள், ஒரு நாள்னு கேப்பாங்க. அப்படிக் கேட்டுத்தான் பத்தொன்பது மே மாசமும் போச்சு" என்றாள்.  மறுநாளே இசக்கி அப்பள வீட்டில் ஏழாம் நாளுக்கு லீவு சொல்லிவிட்டாள்.

ஏழாம் நாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் சேரன்மகாதேவி போய், அங்கிருந்து களக்காட்டுக்குப் போனார்கள். முத்துராணி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். தோள்பையில் வரைநோட்டு இருந்தது.

புது வீட்டு முற்றத்தில் செங்கல் அடுப்பு மூன்று கூட்டியிருந்தது. பக்கத்தில் காய்கறி மூட்டை, அண்டா, தேக்கரண்டி முதல் துடுப்பு வரை எல்லாம் தயார். சமையல்காரரை மட்டும் காணோம். 'வந்து பார்த்தா அவளே இறங்கிருவா' என்று செந்தில்முருகன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

ஏழரைக்கு முகூர்த்தம். முத்துராணி உள்ளே போய்க் கிழக்கே பார்த்து அடுப்பைப் பற்றவைத்து, புதுப் பானையில் பாலை ஊற்றினாள். பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள். முதல் டம்ளரைத் தம்பி பெண்டாட்டி நித்யாவுக்குக் கொடுத்து, "நல்லா இருங்க" என்றாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டெபோரா ஒரு பக்கம், இசக்கி ஒரு பக்கம். நடுவில் அவள் நோட்டைத் திறந்தாள்.

ஒன்பது மணி ஆனது. ஒன்பதரை ஆனது. செந்தில்முருகன் வந்து நின்றான்.

"அக்கா, விளையாடாத."

"நான் போன்லயே சொல்லிட்டேன் தம்பி."

அவன் நாலு இடத்துக்குப் போன் போட்டான். வைகாசி முகூர்த்தம், ஒரு சமையல்காரரும் சும்மா இல்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டினான். மைத்துனன் மணிராஜையும், வீடு கட்டிய கொத்தனார் அருமைநாயகத்தையும் இழுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இறங்கினான். புகை கண்ணில் ஏறி மூன்று பேரும் அழுதார்கள். முத்துராணி அதையே வரைய ஆரம்பித்தாள்.

ஒரு சித்தி வந்து சத்தமாகவே சொன்னாள். "கூடப்பிறந்தவன் வேகுதான். இவ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாரு."

"கையைக் கட்டல சித்தி. கை வேலையாத்தான் இருக்கு."

சித்தி நோட்டை எட்டிப் பார்த்தாள். செந்தில்முருகனின் தொந்தி அப்படியே வந்திருந்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினொன்றரைக்கு முத்துராணியின் மூக்கு விடைத்தது. சாம்பார் அண்டாவில் அடிப்பிடிக்கிறது. வேறு யாருக்கும் இன்னும் வாசம் வரவில்லை. இருநூறு பிள்ளைகளுக்குப் பொங்கிய உடம்பு நாற்காலியிலிருந்து தானாக எழப் பார்த்தது. நூற்றைம்பது பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள். தம்பி வீட்டு முதல் விருந்து. மடியிலிருந்த நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எல்லோருக்கும் வாசம் வந்துவிட்டது. செந்தில்முருகன் பதறி, பெரிய கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து அதை அவள் முன்னால் நீட்டினான். சாம்பார் சொட்டிப் பட்டுச் சேலைக்கு அருகில் மண்ணில் விழுந்தது. மொத்த முற்றமும் பார்த்தது.

"அக்கா. உன் கால்ல விழுதேன். இந்தா, பிடி."

முத்துராணி கரண்டியைப் பார்த்தாள்.

"அது உன் கையிலேயே இருக்கட்டும்" என்றாள். "முதல்ல விறகை வெளிய இழு. கிளறாத. கிளறுனா கருகல் மேல வந்து மொத்தமும் கெட்டுரும். அடியைத் தொடாம, மேல உள்ளதை மட்டும் வேற அண்டாவுக்கு மாத்து. போ."

"நீ வந்து…"

"செய்ய வேண்டியதைச் சொல்லிட்டேன். போலே, நேரமாகுது."

அவன் போனான். விறகை இழுத்தான். மணிராஜ் அண்டாவைப் பிடிக்க, அருமைநாயகம் சாய்க்க, மேல் சாம்பார் தப்பியது. "பைய, பைய!" என்று முத்துராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். எழவில்லை.

முதல் பந்தியிலேயே மூன்று கூட்டாளிகளும் உட்கார்ந்தார்கள். இலைக்கு முன்னால் வாளியோடு வந்தது செந்தில்முருகன். முகத்தில் கரி. அக்காள் இலையில் அவன் சோறு பரிமாறுவது அவள் அறிய இதுதான் முதல் தடவை. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான், சாம்பாரைப் பார்த்துக்கொண்டு.

"கருகல் வாடை இருக்கு. உப்பு சரியா இருக்கு. இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

ஊற்றினான். அவன் கோபம் ஆறவில்லை என்று ஊற்றுகிற வேகத்திலேயே தெரிந்தது. ஆறாவிட்டால் போகட்டும் என்று முத்துராணி சோற்றைப் பிசைந்தாள்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நித்யா வாசல் வரை வந்தாள். உள்ளே பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "மதினி, கல்யாணமாகி பதினோரு வருஷம். அவரு அடுப்புக்கிட்ட நின்னு நான் இன்னைக்குத்தான் பாக்கேன். அந்தப் படத்தை எனக்குத் தாங்க. நடு ஹால்ல மாட்டுதேன்."

"எவடி அதை மாட்டுறது?" என்று உள்ளிருந்து செந்தில்முருகனின் குரல் வந்தது.

"நான்தான்!" என்று நித்யாவும் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

முத்துராணி நோட்டை நீட்டவில்லை. பைக்குள் வைத்தாள்.

"இன்னும் முடியலட்டி. அவன் கையையும் அதுல உள்ள கரண்டியையும் போடணும். எனக்கு மூணு நாள் மிச்சம் இருக்கு. அதுக்குள்ள போட்டிருவேன்."