கேள்விக் கூட்டத்தில் என் மருமகள்

என் மருமகளுக்கு நான் எட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். தேர்வுக் கட்டணத்துக்காக அவள் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த காசு அது. லாட்ஜ் ஒன்றில் பெரிய வாஷிங் மெஷின் பாதி ஓட்டத்தில் நின்று நின்று போனது. மோட்டார்தான் போச்சு என்று முடிவுகட்டி, அந்தக் காசை வாங்கிப் புது மோட்டார் போட்டேன். புது மோட்டாரோடும் அது நின்றது. மெஷின் ஒழுங்காக ஓடினால்தான் எனக்குத் தரவேண்டிய மூன்று மாத ரிப்பேர் பாக்கியைத் தருவேன் என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லிவிட்டார். தேர்வுக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியோடு கடைசி. தவறினால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தள்ளுவண்டியில் மிக்சி ரிப்பேர் பார்க்க ஆரம்பித்து, இன்று மூன்று ஷட்டர் வைத்த கடைக்கு முதலாளி. கல்லாவில் காசு மட்டும் தங்காது. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதை ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன்.

மருமகள் எங்கள் வீட்டுக்கு வருமுன் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். என் மகன் லாரியில் வாரக்கணக்கில் போய்விடுவான். கல்லாவில் சும்மா உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மெஷினாகத் திறந்து பார்த்தாள். கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நடப்பாள். பிறகு மாலை நேரத் தொழிற்பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் படிப்பு போனில், கூடப் படிக்கிற நாற்பது பேரின் வாட்ஸ்அப் குழுவில். அதற்குப் பெயர் கேள்விக் கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு விசித்திரச் சட்டம் உண்டு. கெட்டுப்போன பொருளை ஒருவர் படமெடுத்துப் போட்டால், மற்றவர்கள் கேள்விதான் கேட்கலாம். பதில் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. சொன்னவர் பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும். அடுப்படியிலும் பஸ்ஸிலும் இந்தக் கேள்விகளையே படித்துக்கொண்டு அவள் தனியாகச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"பதில் சொல்ல ஒருத்தரில்ல, கேள்வி கேக்க நாப்பது பேரா? இது படிப்பாம்மா, போலீஸ் ஸ்டேஷனா?"

"பதில் சொல்லிட்டா அன்னிக்கே மறந்துடும் மாமா. கேள்வி வந்தா மெஷினத் திறந்துதான் ஆகணும்."

ஒருநாள் அவள் போன் மேசைமேல் கிடந்தது. யாரோ ஒரு கிரைண்டர் படம் போட்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் குரல் பதிவை அமுக்கி, "மோட்டார் போச்சு, மாத்து" என்று அனுப்பிவிட்டேன். உடனே பாட்டு எங்கே என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். தள்ளுவண்டிக் காலத்தில் தெருத்தெருவாகக் கூவியதையே ராகம் போட்டுப் பாடி அனுப்பினேன். சிரிக்கிற முகங்கள் மழையாகக் கொட்டின. ஒரு பெண் அதைக் காலையில் எழுப்புகிற அலாரமாகவே வைத்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு மோட்டார் மாமா. அந்த கிரைண்டரில் மோட்டார் நன்றாகத்தான் இருந்ததாம். அது வேறு கதை.

கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை இருவரும் லாட்ஜ் சலவை அறையில் நின்றோம். மெஷின் ஓடி, முனகி, நிற்பதை அவள் வீடியோ எடுத்துப் போட்டாள். போன் துள்ள ஆரம்பித்தது. டிரம் கையால் சுற்றுகிறதா என்றார்கள், சுற்றியது. துணியில்லாமல் ஓட்டினாலும் நிற்கிறதா என்றார்கள், நின்றது. தினமும் ஒரே நிமிடத்திலா என்றார்கள். இல்லை, சில சமயம் ஐந்தில், சில சமயம் இருபதில். பகலில் பஸ் கண்டக்டராக இருக்கும் மாணவர் ஒருவர் கடைசியாகக் கேட்டார்: அது நிற்கும்போது பக்கத்தில் வேறு என்ன ஓடுகிறது?

மருமகள் தலையைத் திருப்பினாள். பக்கத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இஸ்திரி உருளை. அதை ஓட்டுகிற அக்கா விரிப்பை மடித்தபடியே சொன்னாள்:

"நான் ஸ்விட்ச் போட்டா அந்த மெஷினு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். இது எனக்கு எப்பவோ தெரியுமே."

"ஏன்க்கா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

மருமகள் மீட்டரை வைத்தாள். இஸ்திரி ஓடாதபோது கரண்டு இருநூற்று இருபது வோல்ட் காட்டியது. ஓடவிட்டதும் நூற்று அறுபதுக்குச் சரிந்தது. மெஷின் பயந்துபோய்த் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. இரண்டும் ஒரே லைன்.

"இப்படி ஒரே லைன்ல இழுத்த புண்ணியவான் யாரு?" என்று கேட்டாள்.

வாசலில் நின்ற மேனேஜர் என்னைக் கை காட்டினார்.

இஸ்திரி அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மருமகள் சிரித்துச் சிரித்து மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: இழுத்துப் பதினோரு வருடம் ஆகியும் அந்த வயர் ஒரு நாளும் எரிந்துபோகவில்லை. பிறகு இத்தனை பெரிய உருளை வாங்கிப் போடுவார்கள் என்று அன்றைக்கு என்னிடம் யார் சொன்னார்கள்?

மெயின் பெட்டியிலிருந்து இஸ்திரிக்குத் தனி லைன் இழுத்தேன். மற்றவன் ஒருநாள் இழுத்தடிக்கிற வேலை. எனக்கு இரண்டு மணி நேரம். மருமகள் பழைய மோட்டாரையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைத் துடைத்து, கடையில் விற்கலாம் என்று அது வந்த அட்டைப்பெட்டியில் வைத்தாள். மூன்று மணிக்கு உருளையும் மெஷினும் சேர்ந்தே ஓடின. மேனேஜர் பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தார். மெஷின் நிற்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று மாதப் பாக்கியை எடுத்துத் தந்தார்.

"நீட்டும்மா கைய."

"கட்டாவே குடுங்க மாமா, பஸ் போயிடும்."

"எண்ணாம குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு விரித்தாள். ஐந்நூறு ஐந்நூறாக, வாய்விட்டு எண்ணி, பதினாறு தாளையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.