செயலியைத் திருத்தியவர்

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் கிடக்கும் ஷாம்பு உறைகளைப் படமெடுத்து, நேரமும் இடமும் குறித்து, குப்பைப் புகாருக்கான செயலியில் அனுப்பிவந்தேன். ஒரே வாரத்தில் பதினோரு புகார்கள்.

பன்னிரண்டாவதை எடுக்கும்போது ஒரு தூய்மைப் பணியாளர் எதிரே வந்து நின்றார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்திருந்தார். கையில் கூர்தீட்டிய குடைக்கம்பி, அதில் மாலைபோலக் கோத்த உறைகள். குனியாமல் குத்தியெடுப்பது அவர் வழக்கம்.

"படம் புடிக்கது நீங்கதானா அண்ணாச்சி? ஒவ்வொண்ணுக்கும் எம்பேருல செவப்புப் புள்ளி விழுது. இன்னும் ரெண்டு விழுந்தா வேலைக்கு வராதங்காவ."

மறுநாளே தென்காசியில் இருக்கும், அந்தச் செயலியை வடிவமைத்த பெண்ணிடம் அவரை அழைத்துப் போனேன். விவரம் கேட்டதும் புள்ளியை நீக்கிவிடுவதாக அந்தப் பெண் சொன்னார். பணியாளரோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அது மட்டும் போதாதும்மா. குப்ப கெடந்தத எல்லாரும் பாக்காவ. நான் எடுத்த பொறவு எடம் எப்படி இருக்குன்னு, படம் போட்டவுகளுக்கே காட்டுங்க. எம்பேரும் மொகமும் போட்டு."

அப்படியே மாற்றினார்கள். இந்தச் சாரல் பருவத்தில், வெளியூர்க்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காலி உறைகளைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்தேன்.

"ஏட்டி, போன்ல வந்தது நீதானா?" என்றார் ஒரு ஆச்சி.

"நானேதான் ஆச்சி. அதுல தல சீவியிருப்பேன்."

ஒழுங்காகப் புகார் எழுதத் தெரிந்த எனக்கு அந்த யோசனை கடைசிவரை தோன்றவில்லை. செயலியைப் பற்றி யாராவது பேசினால், அதைத் திருத்தியவரை எனக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டு சொல்கிறேன்.