பன்னிரண்டுக்குப் பிறகு ஒன்று

அன்று பால்வாடியில் இருந்தவர்கள்: பால்வாடி டீச்சர். சமையல் ஆயா. ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பார்த்து எடுக்க வந்த பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர். கம்பெனி வேனில் ஏறாமல் அரை நாள் லீவு சொல்லி வந்த அம்மா. என் மாமா மகன். நான்.

பால்வாடி டீச்சர் வாயால் மட்டும் எண்ணச் சொல்ல மாட்டார். புளியங்கொட்டையைக் கொடுப்பார். ஒன்றைத் தொட வேண்டும், நகர்த்த வேண்டும், அப்புறம்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய டீச்சர் கேட்டது இருபது.

மாமா மகன் இருபதை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். நான் பன்னிரண்டு வரை போனேன். அடுத்த கொட்டையைத் தொட்டு ஒன்று என்றேன்.

"மறுபடியும் ஒண்ணுங்கா! எப்பவும் இப்படித்தான் டீச்சர் இவ" என்று அவன் சிரித்தான்.

திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் பன்னிரண்டு. திரும்பவும் ஒன்று.

"இன்னொரு வருசம் இங்கனயே இருக்கட்டும்" என்று பெரிய டீச்சர் நோட்டை எடுத்தார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்தாள். "கூட உள்ளதெல்லாம் போயிரும் டீச்சர். இவ மட்டும் தங்கிட்டா மந்தம்னு பேரு வச்சிருவாக."

பால்வாடி டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிய பன்னிரண்டை நான் தனியாக ஒதுக்கிக் குவித்திருந்தேன். உள்ளே போய்க் கொட்டை டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார்.

"நோட்டை மூடுங்க. பிள்ளை இன்னும் முடிக்கல. நீ எண்ணு தாயி."

எண்ணினேன். வீட்டில் அம்மா மத்தாப்புக்குக் காலிப் பெட்டி ஒட்டுவாள். பன்னிரண்டு பெட்டி ஒரு கட்டு. கட்டு விழுந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணிக் கொடுப்பது நான். உலகத்தில் எண் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

குவியல்கள் வரிசையாக விழுந்தன. ஆயா கரண்டியோடு வந்து நின்றார். மாமா மகன் குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது குவியலோடு நிறுத்தினேன். கொட்டை இன்னும் மிச்சம் கிடந்தது.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"பன்னெண்டு கட்டு ஆயிருச்சு. ஒரு குரோஸ் வந்துருச்சு."

பால்வாடி டீச்சர் சத்தமாகச் சிரித்தார். "நீங்க இருபது கேட்டீக!"

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் பெரிய டீச்சர்.

"அம்மா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எண்ண மட்டுந்தான் டீச்சர். பசையைத் தொட விடமாட்டேன்." யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். பிள்ளையை வேலைக்கு வைத்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் என்று அப்போது தெரியாது.

பெரிய டீச்சர் நம்பவில்லை. சேலையை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பாதியில் கணக்குத் தப்பிப்போய் முதலிலிருந்து தொடங்கினார்.

"டீச்சரும் மறுபடி ஒண்ணுங்காக" என்றான் மாமா மகன். ஆயா அவன் வாயைப் பொத்தினார்.

பெரிய டீச்சர் எண்ணி முடித்து, நோட்டைத் திறந்து, ஒன்றாம் வகுப்புப் பட்டியலில் என் பெயரை எழுதினார். பக்கத்தில் எண்ணையும் எழுதினார்.

144.