குசினி வாரியம்

எங்கள் குசினியில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. ஜெர்மன்காரர் வெள்ளரிக்காய் ஊறப்போட்டு விற்கிற வாய் அகன்ற போத்தல். இப்போது அதற்குள் உப்பு. என் மனிசி எத்தனையோ தரம் எறியப் பார்த்தாள். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டாள். "அதுக்குள்ளதான் நாங்கள் ஆட்சி நடத்தினது" என்றேன்.

பீலெஃபெல்டுக்கு வரமுதல் நான் ஒரு அகதி முகாமில் இருந்தேன். காட்டோரம் பழைய பட்டாளக் கட்டிடம், எங்கள் மாடியில் எல்லாரும் இலங்கைத் தமிழர். வேலி இல்லை, காவல் இல்லை. ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. வேலை செய்யக்கூடாது. அன்ட்ராக் என்கிற அகதி விண்ணப்பத்தை எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் ஏறி எல்லைப் பலகை வரை போவோம், பார்ப்போம், அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். பூட்டில்லாத மறியல்வீடு. பூட்டும் திறப்பும் இருந்தது குசினிக்கு மட்டும்தான். அந்தத் திறப்பால்தான் சண்டை. அதை வைத்திருக்கிறவன் தன் கூட்டாளிக்கு முதல் அடுப்பைக் கொடுப்பான். ஒருநாள் சட்டியால் அடித்து ஒருவனுக்கு நெற்றி வெடித்தது. முகாமைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்தார். இன்னொரு சண்டை என்றால் குசினியை மூடிவிடுவேன், எல்லாருக்கும் பெட்டிச் சாப்பாடுதான் என்றார். எங்களுக்கு நாள் முழுக்க இருந்த ஒரே வேலை சமையல். அதுவும் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் மாஸ்டர் வாய் திறந்தார், சோழர் காலத்தில் இதுக்கு ஒரு வழி இருந்தது என்று. ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். சோழர் என்றால் புலிக்கொடி, யானை, அவ்வளவுதான் எனக்கு. மாஸ்டர் யானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் என்று ஒரு ஊர், அங்கே கோயில் சுவரில் ஊர்ச் சட்டம் வெட்டியிருக்கு என்றார். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றுமறியாத சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பிப்பார்களாம். கணக்குக் காட்டாதவன் பேரைப் போட ஏலாது. அவனுடைய சொந்தக்காரன் பேரும் ஏலாது.

"பேர் போடுறதெண்டால் சொந்த நிலத்தில வீடு இருக்கவேணும், வரி கட்டுற காணி இருக்கவேணும்" என்றார்.

எங்களில் மூத்தவர் ஒரு மன்னார் அண்ணை. கட்டிலில் கிடந்தபடியே, "அப்ப இஞ்ச ஹவுஸ்மைஸ்டர் ஒராள்தான் நிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

"சரி, அதை விடுவம். ஒராளுக்கு ஒரு வருசம் திறப்பு. பிறகு மூண்டு வருசத்துக்கு அவன்ர பேர் குடத்துக்குள்ள வரப்படாது."

சிரிப்பு நின்றது. மன்னார் அண்ணை எழும்பி இருந்தார். "உமக்கென்ன விசரே மாஸ்டர்? மூண்டு வருசம் ஆர் இஞ்ச இருக்கப்போறான்?" ஒருவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனான். சட்டம் பிழை என்று இல்லை. அடுத்த மாதம் கடிதம் வரும் என்று நினைத்துத்தான் ஒவ்வொருவரும் படுத்தது, எழும்பியது. வருசக் கணக்கில் ஆட்சி வைத்தால் இங்கே குடியிருக்கிறோம் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

"நாங்கள் இருக்கமாட்டம். சட்டம் இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

ஒத்துக்கொண்டோம், ஆனால் குடத்துக்கு எங்கே போவது? இந்தப் போத்தல்தான். உள்ளே தெரியும் என்று துவாய்த் துணி சுற்றினோம். முகாமில் பிள்ளைகள் இல்லை. ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிட்டோம். "தமிழில ஆனாவும் தெரியாது. இவரை விட ஒண்டுமறியாத பிள்ளை ஏது?" என்றார் மன்னார் அண்ணை. மனிசன் கையைத் துடைத்துவிட்டு, கோயில் ஐயர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். என் பேர்.

மாஸ்டர் தன் பேரைப் போடவில்லை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். இவருக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். "வருசம் முடியமுன்னம் நான் போயிடுவன். போறவன் திறப்பை வாங்கப்படாது" என்றார்.

சண்டை நின்றது. குசினி மூடப்படவில்லை. வருசம் முடிய, சட்டி பானையை எல்லாருக்கும் முன்னால் எண்ணிக் காட்டித் திறப்பைக் கொடுத்தேன். அடுத்தது மன்னார் அண்ணை. பிறகு வேறு ஆட்கள். சிலருக்குக் கடிதம் வந்தது, போனார்கள். மாஸ்டருக்கு மறுப்பு வந்தது. திரும்ப எழுதிப் போட்டார். ஒவ்வொரு வருசமும் துவாயைச் சுற்றித் தருவார். தன் பேரை மட்டும் எழுதமாட்டார்.

ஒருநாள் என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தார். "உன்ர மூண்டு வருசம் முடிஞ்சுது. எழுது."

எழுதினேன். அவரும் ஒரு துண்டை எடுத்தார். கரும்பலகை எழுத்தில் தன் பேரை எழுதி, மடித்து, உள்ளே போட்டார். ஹவுஸ்மைஸ்டரின் கையில் வந்தது அதுதான். மாஸ்டர் இரண்டு கையாலும் திறப்பை வாங்கினார். குசினிக்குள் போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே நெடுநேரம் துடைத்தார்.

அந்த வருசம் எனக்குக் கடிதம் வந்தது. அப்போது முகாமில் தமிழர் நாங்கள் இருவர்தான் மிச்சம். மாஸ்டர் போத்தலைக் கழுவி என் கையில் தந்தார். "கொண்டு போ. இனி இதுக்குள்ள போட வேற பேர் இல்லை."

"போயிட்டு வாறன் மாஸ்டர்."

"வாறன் எண்டு சொல்லாதை. போறன் எண்டு சொல்லு."

எங்களில் அது வாசலில் சொல்லக்கூடாத சொல். சொன்னேன். அவர் தலையாட்டினார்.

முகாமை மூடிவிட்டார்கள். மாஸ்டரை வேறு ஊருக்கு மாற்றியதாகக் கேள்வி. தேடினேன், அகப்படவில்லை. எனக்கு இப்போது சொந்த வீடு. வரி கட்டுகிறேன். உத்திரமேரூர்ச் சட்டப்படி தகுதி வந்துவிட்டது. காலையில் வேலைக்கு இறங்கும்போது மனிசியிடம் போயிட்டு வாறன் என்றுதான் சொல்வேன். கறிக்கு உப்பெடுக்கப் போத்தலைத் தூக்கினால் உள்ளே எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். கை துவாயைத் தேடும்.